கார்லேவின் வெள்ளைப் புழு

ரோஸ்விதா ஐசெலேயின் வாடகை ஒப்பந்தத்தில், வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை ஒன்று என்று எழுதியிருக்கிறது. கடந்த பிப்ரவரியில் அந்த வீட்டுக்குள் உயிரோடு இருந்தவை, குறைத்துச் சொன்னாலும், நாற்பதாயிரம். அதில் ஒன்று ரோஸ்விதா. இன்னொன்று கார்லே என்ற சிறுத்தைப் பல்லி. மற்றதெல்லாம் கார்லேவின் சாப்பாடு.

ஸ்டுட்கார்ட்டின் ஹெஸ்லாக் பகுதியில், சரிவில் ஏறும் கல்படிகளை ஒட்டி நிற்கிறது எங்கள் கட்டிடம். ரோஸ்விதா இரண்டாவது மாடி, நான் அதற்கு மேல். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வயதிலிருந்து பேட்டை நீச்சல்குளத்தில் காவலர் வேலை. இந்தப் பக்கத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களில் பாதிப் பேர் நீந்தக் கற்றது அவருடைய விசிலுக்குப் பயந்துதான். கடைத்தெருவில் அவர் நடந்து போனால், தாடி வைத்த ஆண்கள்கூட ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பிப்பார்கள்.

அவர் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டேன். எண்ணியதில்லை என்றார். ஆனால் ஒன்று சொன்னார்: மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை. கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. குளம் முழுக்கக் கூச்சலாக இருக்கும்போது ஒரு மூலையில் மட்டும் அசைவு வேறு மாதிரி ஆகும், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

கார்லே வந்ததும் குளத்திலிருந்துதான். 1999 நவம்பரில், குளத்தை மூடும் முன் லாக்கர்களைச் சரிபார்த்தபோது ஒன்றில் காலணிப் பெட்டி இருந்தது. மூடியில் ஓட்டைகள். உள்ளே விரல் நீளத்தில், மஞ்சளில் கரும்பட்டையோடு ஒரு குட்டி. தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்துக்கு மறுநாள் எடுத்துப் போனார். குடைகளுக்கும் கைப்பைகளுக்கும் நடுவில் அதை வைக்க அங்கே மனம் வரவில்லை. "நீங்களே வெச்சிருங்கம்மா. ஆறு மாசத்துல யாரும் கேட்டு வரலைன்னா உங்களோடது" என்றார்களாம். யாரும் வரவில்லை. மூன்று வருடம் கழித்துக் கணவர் மான்ஃப்ரெட் தன் துணிப்பெட்டியோடு வீட்டை விட்டுப் போனபோது, பல்லிதான் காரணம் என்று கட்டிடத்தில் பேச்சு அடிபட்டது. ரோஸ்விதா அதை மறுத்தார். "மான்ஃப்ரெட் போனதுக்கு மான்ஃப்ரெட்தான் காரணம். கார்லே மேல பழி போடாதீங்க."

சிறுத்தைப் பல்லி இருபது வயதைத் தொட்டாலே பெரிய விஷயம். கார்லேவுக்கு இருபத்தாறு. இரண்டு வருடத்துக்கு முன் அதன் கீழ்த்தாடையில் சீழ் வைத்து, எலும்பில் ஒரு துண்டை எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டது. ஆனால் அது வழக்கமாகத் தின்னும் புழுவின் கெட்டியான மேலோட்டைக் கடித்து நொறுக்க முடியவில்லை. குழாய் வழியாகக் கூழ் கொடுத்தால் துப்பியது. அசையாத எதையும் அது தொடாது. அப்போது கால்நடை மருத்துவர் ஹௌக் ஒரு யோசனை சொன்னார்: "மாவுப்புழு சட்டை உரிச்ச உடனே வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்ப எடுத்துக் கொடுத்துப் பாருங்க."

கொடுத்தார். கார்லே விழுங்கியது.

அன்றிலிருந்து ரோஸ்விதாவின் வாழ்க்கை ஒரு விசித்திரமான கணக்குக்குள் போனது. மாவுப்புழு வளர வளரப் பழைய தோல் போதாமல் உரிக்கும், மறுபடி வளரும், மறுபடி உரிக்கும். ஒவ்வொரு தடவையும் பால் வெள்ளையாக, மெத்தென்று வெளியே வரும். ஆனால் அந்த வெள்ளை சில மணி நேரம்தான். அதற்குள் தேன் நிறம் ஏறி, தோல் ஓடாகிவிடும். கார்லேவுக்கு நாளைக்கு மூன்று வெள்ளைப் புழு வேண்டும், அதுவும் அதன் வாய்க்குள் போகிற அளவில். தினமும் காலையில் அந்த மூன்று கிடைக்க வேண்டுமென்றால் எல்லா வயதிலும் ஆயிரக்கணக்கில் புழு வேண்டும். அந்தப் புழுவுக்குப் பின்னால் குஞ்சுகள், குஞ்சுகளுக்குப் பின்னால் முட்டை, முட்டைக்கு, புழு முதிர்ந்து மாறும் வண்டுகள். மான்ஃப்ரெட்டின் பழைய அறையில் இழுப்பறைகள் அடுக்கடுக்காக ஏறின.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு வந்த பார்சலை அவர் வாங்கி வைத்திருந்தார், எடுக்கப் போனேன். வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து மழைச் சத்தம். இலைகள்மேல் விழும் மெல்லிய தூறல். ஜன்னலைப் பார்த்தேன், பளீரென்று வெயில்.

"உள்ள மழை பெய்யுதா?"

"சாப்பிடுறாங்க" என்றார் ரோஸ்விதா.

அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு இழுப்பறையில் கோதுமைத் தவிடு, மேலே கேரட் வில்லைகள், அந்த வில்லைகளைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு கூட்டம் நெளிந்தது. "கையை உள்ள விடுங்க." விட்டேன். வெதுவெதுப்பு. அறையைவிடச் சூடு. வெப்ப ரத்தம் இல்லாத இந்தச் சின்ன உடல்கள் கூடி உரசிக்கொண்டே தங்களுக்கு ஓர் அடுப்பை மூட்டி வைத்திருந்தன. அடுத்த இழுப்பறையில் கூட்டுப்புழுக்கள், வாயும் காலும் மடித்து வைத்த சின்னச் சின்ன சிலைகள். அதற்கடுத்ததில் கறுப்பு வண்டுகள். கடைசி இழுப்பறையில் ஒன்றுமில்லை. சல்லடையில் சலித்து விழுந்த பழுப்புத் தூசி, அவ்வளவுதான்.

"இது குப்பையா?"

"பாருங்க."

"தூசி."

"அவசரப்படாதீங்க. ஒரு இடத்தையே பாருங்க."

பார்த்தேன். சமமாகப் பரத்தி வைத்த தூசி. பத்திரிகைக்காரனுக்குப் பொறுமை கிடையாது. போய்விடலாம் என்று நினைத்தபோது தூசியில் ஒரு மணி நகர்ந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு முழுத் தூசியும் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. முடியைவிட மெல்லிய குஞ்சுகள், கண்ணுக்குத் தெரியாத முட்டைகள், எல்லாம் அதற்குள். இழுப்பறையில் இருக்கிற பெரிய புழுக்களைவிட இந்தத் தூசியில்தான் உயிர் அதிகம் என்றார் அவர். அன்று என் பார்சலை எடுக்க மறந்துவிட்டு மேலே ஏறிப் போனேன்.

"பேப்பர்ல போட்டுறாதீங்க" என்று படியிலிருந்து குரல் கொடுத்தார். "கீழ ஃபோரிங்கர் படிப்பாரு."

ஓய்கென் ஃபோரிங்கர் முதல் மாடி, ரோஸ்விதாவுக்கு நேர் கீழே. பற்சக்கரத் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது படிக்கட்டின் தரம் பார்க்கிறார். எங்கள் ஊரில் கட்டிடத்தைப் பெருக்கும் வேலை வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை மாலை அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். எங்கள் கட்டிடத்தில் ஐந்து வீடு, பலகை மேலிருந்து கீழே இறங்கும். ரோஸ்விதாவின் முறை முடிந்தால் ஃபோரிங்கர். அவர் பலகையை வாங்கிக்கொள்ளும்போது கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைப் பார்த்துக்கொண்டே "பரவாயில்லை" என்பார். அதுதான் அவர் தரும் அதிகபட்சப் பாராட்டு.

போன வருடம் அவருடைய வாசலில் ஒரு கறுப்பு வண்டு கிடைத்தது. ஜாம் பாட்டிலில் பிடித்துப் போட்டு ரோஸ்விதாவின் கதவருகே வைத்துவிட்டுப் போனார். மூடியில் ஓட்டை போட்டிருந்தார், சான்று செத்துவிடக் கூடாதே. கொஞ்ச நாள் இருவரும் பேசவில்லை. பிறகு எப்படியோ சமாதானம் ஆனது.

மார்ச்சில் ரோஸ்விதாவின் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அறுவை முடிந்ததும் பயிற்சிக்காக மூன்று வாரம் பாட் ஊராக்கில் உள்ள சிகிச்சை விடுதிக்கு அனுப்பினார்கள். கார்லேவைப் பார்த்துக்கொள்ள உல்ம் நகரிலிருந்து தங்கை ஊட்டே வந்தார். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. அக்காவைவிட மூன்று வயது இளையவர், அக்காவைவிட இரண்டு மடங்கு பேசுவார். புழுக்களுக்குப் பயம். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் கையுறையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, வெள்ளைப் புழு பொறுக்கினார். கார்லே ஒழுங்காகச் சாப்பிட்டது. முதல் பத்து நாள் எந்தக் குறையும் இல்லை.

பிறகு ரோஸ்விதாவின் கதவுக்குப் பலகை வந்தது.

பலகை தொங்கும் வீட்டில் எங்கள் ஸ்வாபிய வட்டாரத்துப் பெண் எவராலும் சும்மா உட்கார முடியாது. ஊட்டே படிக்கட்டைப் பெருக்கித் துடைத்தார். கம்பியைத் துடைத்தார், அடிப்பக்கத்தையும் சேர்த்து. நிலவறை ஜன்னல்களைக் கழுவினார். நடைபாதையைப் பெருக்கினார், பக்கத்துக் கட்டிடத்துக்கு எதிரே கொஞ்சம் சேர்த்து. அப்புறமும் கையில் வேகம் மிச்சம் இருந்தது. அதே வேகத்தில் புழு அறைக்குள் போனார். அங்கே ஒவ்வொரு இழுப்பறைக்கு அடியிலும் தூசி, கடைசி இழுப்பறை முழுக்கத் தூசி.

இரண்டு நாள் கழித்து மாலையில் அவர் அக்காவுக்கு ஃபோன் செய்தபோது நான் அங்கே இருந்தேன். எனக்குப் பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தட்டுகளைக் கழுவியபடியே பேசினார்.

"அக்கா, நீ வந்து பாரு. படி மின்னுது. ஃபோரிங்கர் என்ன சொன்னாரு தெரியுமா? 'ரொம்பப் பரவாயில்லை'ன்னாரு."

"ரொம்பவா? அவருக்கு உடம்பு சரியில்லையா?" பாட் ஊராக்கிலிருந்து சிரிப்பு கேட்டது. "கார்லே?"

"மூணு முழுங்கிட்டான். உன் புழு ரூமும் பளபளன்னு இருக்கு. எல்லா டிராயரையும் வினிகர் தண்ணில கழுவி, காயவெச்சு, புதுத் தவிடு போட்டாச்சு. ஒரு புழுவைக்கூட விடலை. ஒவ்வொண்ணா பொறுக்கித் திரும்ப உள்ள விட்டேன். பயத்தோடயே."

"அக்கா?"

"அடியில இருந்த தூசி?"

"அதை ஏன் கேக்குற, அவ்வளவு அழுக்கு. கொட்டிட்டேன்."

"எதுல கொட்டினே?"

"பழுப்புக் குப்பைத் தொட்டில. அதுலதானே போடணும், செடி கொடி எல்லாம்."

"குப்பை வண்டி எப்ப வருது?"

ஊட்டே தட்டைக் கீழே வைத்தார். "காலைல வந்துட்டுப் போயிடுச்சு. ஏன்க்கா? அது தூசிதானே?"

"நான்தான் உன்கிட்ட சொல்லலை" என்றார் ரோஸ்விதா. ஃபோனை வைத்துவிட்டார்.

ஊட்டே என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருந்தது. நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

முழு அழிவு என்று சொல்ல முடியாது. பெரிய புழுக்கள் இருந்தன, வண்டுகளும் இருந்தன. வண்டுகள் முட்டையிடும், முட்டை பொரியும். ஆனால் அந்தக் குஞ்சுகள் கார்லே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வளர மூன்று மாதம் ஆகும். பெரிய புழுக்களோ கடைசிச் சட்டையை உரிக்கத் தயாராக இருந்தவை. அதை உரித்ததும் கூட்டுப்புழுவாகி அசையாமல் கிடக்கும். தூசிக்குள் மறைந்திருந்த சின்னவையும் நடு வயதுகளும் மொத்தமாகக் குப்பை வண்டியில் போய்விட்டன. ஓர் ஊரில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சி, பள்ளிக்கூடங்கள் காலியானது போல.

ஏப்ரல் முதல் வாரம் ரோஸ்விதா இரண்டு ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். தங்கையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊட்டேவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உல்முக்குப் போ, வேலை இருக்கும்" என்றார். ஊட்டே போகவில்லை.

கார்லேவுக்குக் கிடைத்த வெள்ளைப் புழு மூன்றிலிருந்து இரண்டானது, ஒன்றானது, ஒருநாள் ஒன்றும் இல்லை. செல்லப்பிராணிக் கடை டப்பாக்களை ஊட்டே அள்ளிக்கொண்டு வந்தார். குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கிறவை, எல்லாம் முதிர்ந்த புழு. வீட்டுச் சூடு பட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுப்புழுவாயின. அவற்றில் வெள்ளையாக உரித்த ஒன்றிரண்டும் கார்லேவின் வாய்க்குப் பெரிது. பல்லி வளர்ப்போர் சங்கத்து நண்பர் ஒருவர் அனுப்பிய டப்பாவின் ஓரத்தில் தவிட்டு உண்ணி ஊர்ந்தது. அது புகுந்தால் மிச்சம் இருக்கிற வண்டுகளும் போய்விடும். ரோஸ்விதா மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்.

சிறுத்தைப் பல்லி தன் சேமிப்பை வாலில் வைத்திருக்கும். கார்லேவின் வால் கட்டை விரல் பருமன் இருந்தது. ஈஸ்டர் முடிந்தபோது பென்சிலாகிவிட்டது. மருத்துவர் ஹௌக் வீட்டுக்கே வந்து பார்த்தார். அவருக்கும் கார்லேவைப் பிடிக்கும். அதனாலேயே மறைக்காமல் சொன்னார். "இனிமே உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும். அவனை அந்த அளவுக்கு விடக் கூடாது. திங்கட்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள சாப்பிட்டா சந்தோஷம்."

"சாப்பிடலைன்னா கடைசி ஊசி" என்றார் ரோஸ்விதா.

"ஆமா."

அந்த வாரம் அவருடைய வீட்டுக்கு ஒவ்வொரு மாலையும் போனேன். அவர் புழு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூட்டுப்புழுக்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்த முகத்தில் வேறொன்றும் இருப்பது தெரிந்தது.

"இதுங்க உள்ள என்ன நடக்குது தெரியுமா?" என்றார். "பழைய உடம்பு பாதிக்கு மேல கரைஞ்சு கஞ்சியாயிடும். அந்தக் கஞ்சியிலிருந்து இறக்கை, புதுக் கால், புது வாய் எல்லாம் எழுந்து வரும். தனியா, இருட்டுல, ஒரு சத்தமும் இல்லாம. எனக்கு ஒரு மூட்டு மாத்த ஒரு அறை நிறைய ஆள் வேணும்னாங்க."

ஒரு கூட்டுப்புழு லேசாக உடலை ஆட்டியது. ரோஸ்விதா குனிந்தார்.

"இதை அவன் பாத்தா சாப்பிட்டிருப்பான். ஆனா அவன் பாக்குற நேரத்துல ஆடாது."

பலகை கட்டிடத்தைச் சுற்றி மறுபடி அவர் கதவுக்கு வந்திருந்தது. ஊட்டே பெருக்கினார், துடைத்தார். ஆனால் சனிக்கிழமை மாலை பலகையைக் கீழே மாட்ட மறந்துவிட்டார். இந்தக் கட்டிடத்தில் அப்படி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஃபோரிங்கர் தன் கதவைத் திறந்து பார்த்தார், ஆணி வெறுமனே இருந்தது. பொறுத்துப் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்தார். காய்கறிப் பையோடு நானும் அப்போதுதான் ஏறி வந்தேன். ஊட்டே படியில் உட்கார்ந்திருந்தார்.

"பலகை வரலையே" என்றார் ஃபோரிங்கர்.

"எடுத்துக்கோங்க, ஃபோரிங்கர் ஐயா. கதவுலதான் தொங்குது."

"கம்பி துடைச்சாச்சா?"

"துடைச்சாச்சு." ஊட்டே மூக்கை உறிஞ்சினார். "துடைச்சுத் துடைச்சுத்தான் எங்க அக்காவோட பல்லியைக் கொன்னுட்டேன்."

ஃபோரிங்கர் என் பக்கம் திரும்பினார். சுருக்கமாகச் சொன்னேன்: தூசி, குஞ்சுகள், பழுப்புத் தொட்டி, திங்கட்கிழமை. அவர் விரல் தானாகக் கம்பியின் அடிப்பக்கத்துக்குப் போனது. ஆனால் இழுக்கவில்லை. அங்கேயே நின்றது. முகம் கழுத்திலிருந்து சிவக்க ஆரம்பித்தது.

"தூசின்னா… சலிச்ச தூசியா? பழுப்பா, மணல் மாதிரி?"

"ஆமா."

"போன நவம்பர்ல உங்க அக்கா எனக்கு ஒரு வாளி கொடுத்தாங்க. அந்த வண்டுத் தகராறுக்கு அப்புறம். ஜெரேனியப் பூச்செடிக்கு உரம்னு."

ஊட்டே நிமிர்ந்தார். "போட்டீங்களா?"

"போட்டேன்னு சொன்னேன். பூ நல்லா வந்திருக்குன்னும் சொன்னேன்."

"ஐயா, போட்டீங்களா இல்லையா?"

"புழுவோட பீ அது. என் ஜெரேனியத்துக்கா?"

"அப்ப தூக்கி எறிஞ்சுட்டீங்க."

ஃபோரிங்கர் நிஜமாகவே புண்பட்டுப் போனார். "நல்ல வாளி. எதுக்கு எறியணும்?"

கதவு திறந்தது. ரோஸ்விதா ஊன்றுகோலோடு நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

"வாளி எங்க இருக்கு?"

"நிலவறைல, ஐசெலேம்மா. கொதிகலன் பக்கத்துல."

"ஒரு வாரம் பால்கனி பனியில வெச்சுட்டு அப்புறம் செடிக்குப் போடுங்கன்னு சொன்னேனே. உள்ள இருக்கிற உயிரெல்லாம் செத்துடும்னு."

"பனியில வெச்சா வாளி வெடிச்சுடும்" என்றார் ஃபோரிங்கர், தரையைப் பார்த்து.

மூன்று மாடிப் படி. புது மூட்டோடு அவர் இறங்கக் கூடாது. நான் கொண்டு வருகிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை ஊட்டேயின் தோளில். ஃபோரிங்கர் முன்னால் போய் ஒவ்வொரு தளத்திலும் விளக்கைப் போட்டார்.

கொதிகலன் அறையில் துவைத்த துணிகள் கொடியில் தொங்கின, காற்று ஈரமும் சூடுமாக இருந்தது. மூலையில் சாம்பல் நிற வாளி. வாயில் எங்கள் பத்திரிகையின் நவம்பர் இதழ் ஒன்று விரித்து, கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. கொதிகலன் உறுமிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. ஃபோரிங்கர் சுவிட்சை அணைத்தார். உறுமல் இறங்கி நின்றது.

தூறல் கேட்டது.

ரோஸ்விதா கயிற்றை அவிழ்த்துக் காகிதத்தை எடுத்தார். மேலே சமமான பழுப்புத் தூசி, அசைவே இல்லை. வெளிச்சம் பட்டதும் சத்தமும் நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லையே" என்றார் ஃபோரிங்கர்.

"அவசரப்படாதீங்க" என்றார் ரோஸ்விதா.

அவர் அந்தத் தூசியைப் பார்த்த விதத்தை நான் குளத்தில் பார்த்திருக்கிறேன். எங்கும் பார்க்காமல், எல்லா இடத்தையும் பார்க்கிற பார்வை. வலது ஓரத்தில் ஒரு மணி உருண்டது. அடுத்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது, தூசி அதற்குள் சரிந்தது. அதன்பின் மேற்பரப்பு முழுவதும் கொதிக்கத் தொடங்குகிற பால் போல மெல்லப் புரண்டது. அவர் கையை மணிக்கட்டு வரை விட்டு அள்ளினார். விரல்களுக்கிடையே தூசி வழிந்து போக, உள்ளங்கையில் மிஞ்சியவை நெளிந்தன. நடு வயதுப் புழுக்கள். கார்லேவின் வாய் அளவு.

"அஞ்சு மாசம்" என்றார் ஊட்டே. "தண்ணி இல்லாம. யாரும் ஒண்ணும் போடாம."

"துணி காயுற ஈரத்தைக் காத்துல இருந்தே குடிச்சிருக்குங்க. சலிச்ச தூசியில மிச்சம் இருந்த தவிட்டைத் தின்னு, அதுவும் தீர்ந்ததும் உரிச்ச சட்டையைத் தின்னிருக்குங்க." ரோஸ்விதா கையை மூடவில்லை. "மெதுவாத்தான் வளர்ந்திருக்கு. அதனாலதான் இன்னும் இந்த அளவுல இருக்கு."

ஃபோரிங்கர் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவும் என் துணிக்குக் கீழயா இருந்துச்சு" என்றார். அருவருப்பைத் தேடினேன், அந்தக் குரலில் இல்லை.

"கையை நீட்டுங்க" என்றார் ரோஸ்விதா.

நீட்டினார். நாற்பது வருடம் பற்சக்கரத்தின் பல்லைத் தடவிப் பார்த்த விரல்கள். அதில் ஐந்தாறு புழுக்களை ரோஸ்விதா விட்டார். ஃபோரிங்கர் விரல்களை மடக்காமல் நின்றார். "சூடா இருக்கு" என்றார் கடைசியில்.

ஆனால் அன்று மாலை வாளியில் வெள்ளைப் புழு ஒன்றுகூட அகப்படவில்லை. பாதி வாளியை மேலே கொண்டுபோய் இழுப்பறையில் பரப்பி, புதுத் தவிடும் கேரட்டும் போட்டார்கள். பல மாதத்துக்குப் பிறகு தண்ணீர். கேரட் வில்லைகளின் விளிம்பில் புழுக்கள் குவிந்ததும் அறைக்குள் சத்தம் கூடியது. வயிறு நிறைந்தால் தோல் இறுகும், தோல் இறுகினால் உரிக்கும் என்றார் ரோஸ்விதா. எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி ஓய்ந்த பிறகு கதவு தட்டும் சத்தம் கீழே கேட்டு இறங்கினேன். ஃபோரிங்கர் வழிபாட்டுக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார்.

"ஏதாவது…?"

"உள்ள வாங்க. பேசாதீங்க" என்றார் ஊட்டே.

ரோஸ்விதா இழுப்பறைமேல் குனிந்திருந்தார். ஒரு புழு முதுகில் பிளந்திருந்தது. பழைய சட்டை தலைப்பக்கம் வெடித்து, அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று வந்துகொண்டிருந்தது. இழுத்துக்கொள்ளக் கை இல்லாமல், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல், தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. கால்கள் கண்ணாடி போல. உள்ளே ஓடுவதெல்லாம் தெரிகிற தோல். வாலின் நுனி வெளியே வந்ததும் அது களைத்துப்போய் ஓய்ந்தது. அன்று காலைவரை உலகத்தில் இல்லாத ஒன்று போல வெள்ளையாகக் கிடந்தது. ரோஸ்விதா அதை உடனே எடுக்கவில்லை. அது தலையைத் தூக்கும் வரை காத்திருந்தார்.

பிறகு இடுக்கியில் எடுத்து, கார்லேவின் கண்ணாடிப் பெட்டியில் தட்டைக் கல்மேல் விட்டார்.

கார்லே தன் குகை வாசலில் படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. புழு ஒரு பக்கம் வளைந்தது, நேரானது, மறுபக்கம் வளைந்தது. கார்லேவின் ஒரு கண் திறந்தது. தங்க நிறக் கண், நடுவில் கீறல் போல ஒரு கோடு. தலை திரும்பியது. அந்தப் பென்சில் வாலின் நுனி மட்டும் பூனைவால் போல இடமும் வலமுமாக நடுங்கியது.

"இருபத்தாறு வயசு" என்று ரோஸ்விதா தனக்குள் சொன்னார். "இன்னும் குறி பாக்குறான்."

ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி. அப்புறம் என்ன நடந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். கல்மேல் புழு இல்லை. கார்லே கண்ணை மூடி, எலும்பு குறைந்த தாடையால் இரண்டு முறை மென்றது. தொண்டையில் ஒரு மேடு இறங்கியது. நாக்கை நீட்டி வாயின் இரண்டு ஓரத்தையும் நக்கியது.

ஊட்டே வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். ஃபோரிங்கர் மூச்சை விட்டார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இன்னொண்ணு உரிக்குமா?"

"மத்தியானத்துக்குள்ள உரிக்கலாம்."

அவர் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலி முதுகில் போட்டார். "இருந்து பாக்கலாமா, ஐசெலேம்மா?"

"உக்காருங்க. ஜெரேனியம் எப்படி இருக்கு?"

"சுமாரா இருக்கு" என்றார் ஃபோரிங்கர்.

மத்தியானத்துக்குள் இரண்டு உரித்தன. கார்லே ஒன்றைத் தின்றது, மற்றதைப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது.

திங்கட்கிழமை காலை மருத்துவர் ஹௌக் ஊசி போடவில்லை, எடை பார்த்தார். வால் பழையபடி ஆக வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார். வாளியின் மறுபாதி கொதிகலன் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குக் கேரட் சீவிப் போடும் வேலையை ஃபோரிங்கர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை எடை பார்ப்பது ஜூன் இரண்டாம் வாரம்.